சீர்திருத்தம் யாருடையது? அமெரிக்கத் தொழில்மயமும் வரலாற்றாசிரியர்களும்

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது அமெரிக்க ஐக்கிய நாட்டில் சுமார் 35,000 மைல் ரயில்பாதை இருந்தது. 1900இல் அது 1,90,000 மைலைத் தாண்டிவிட்டது. ஜான் டி. ராக்ஃபெல்லர் 1870இல் கிளீவ்லாந்து நகரில் நிறுவிய ஸ்டாண்டர்ட் ஆயில், பத்தே ஆண்டுகளில் நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் பத்தில் ஒன்பது பங்கைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. ஆண்ட்ரூ கார்னெகியின் எஃகு ஆலைகளை 48 கோடி டாலருக்கு வாங்கி, வேறு பல ஆலைகளோடு சேர்த்து, 1901இல் ஜே.பி. மார்கன் உருவாக்கிய யு.எஸ். ஸ்டீல்தான் நூறு கோடி டாலருக்கு மேல் மூலதனம் கொண்ட முதல் நிறுவனம். இதே ஆண்டுகளில் கூலிக் குறைப்பை எதிர்த்து 1877இல் ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தம் மாநிலம் மாநிலமாகப் பரவியது. அதை ஒடுக்கக் கூட்டாட்சிப் படை இறங்கியது. 1892இல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையிலும் 1894இல் புல்மன் ரயில்பெட்டித் தொழிலிலும் மோதல்கள் நடந்தன.

இந்த வளர்ச்சியின் பின்னாலேயே சட்டங்களும் வந்தன. ரயில் கட்டணங்களைக் கண்காணிக்க 1887இல் மாநிலங்களிடை வணிகச் சட்டமும், ஏகபோகத்தைத் தடுக்க 1890இல் ஷெர்மன் சட்டமும், 1906இல் உணவு, மருந்து, இறைச்சிச் சட்டங்களும், 1913இல் வருமான வரிக்கு வழிவிட்ட அரசியலமைப்புத் திருத்தமும் மத்திய வங்கி அமைப்பும், 1914இல் கூட்டாட்சி வணிக ஆணையமும் பிறந்தன. இச்சட்டங்களைக் கொண்டுவந்தவர் யார், அவற்றால் பயன் பெற்றவர் யார் என்ற கேள்விக்கு நூறாண்டுகளாக அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் விடை தேடிவருகிறார்கள். விடைகள் ஒன்றையொன்று மறுத்தே வந்திருக்கின்றன.

இந்தக் காலத்தை முதலில் விளக்க முற்பட்டவர்கள் பேராசிரியர்கள் அல்லர். அதில் வாழ்ந்துகொண்டிருந்த எழுத்தாளர்கள். செல்வம் பெருகப் பெருக வறுமையும் ஏன் பெருகுகிறது என்று 1879இல் ஹென்றி ஜார்ஜ் கேட்டார். ஸ்டாண்டர்ட் ஆயிலின் நடைமுறைகளை 1894இல் ஹென்றி டெமரெஸ்ட் லாயிட் ஒரு நூலாகவே எழுதி அம்பலப்படுத்தினார். ஆனால் பின்வந்தோர் எல்லோரும் திரும்பத் திரும்பச் சென்று நின்ற இடம் ஐடா டார்பெல் எழுதிய தொடர்தான். பென்சில்வேனியாவின் எண்ணெய் வட்டாரத்தில் வளர்ந்தவர் அவர். அவருடைய தந்தை ராக்ஃபெல்லரோடு போட்டியிட்ட சிறு உற்பத்தியாளர்களில் ஒருவர். 1872இல் ராக்ஃபெல்லர் தரப்பு ரயில் நிறுவனங்களோடு இரகசியமாகப் பேசி, தன் சரக்குக்குக் கட்டணத் தள்ளுபடியும், போட்டியாளரின் சரக்குக்குச் செலுத்தப்பட்ட கட்டணத்திலேயே ஒரு பங்கும் பெறச் செய்துகொண்ட ஏற்பாட்டை டார்பெல் நீதிமன்ற ஆவணங்களையும் அரசு விசாரணைப் பதிவுகளையும் கொண்டு வெளிக்கொணர்ந்தார். 1902 முதல் மெக்ளூர்ஸ் இதழில் வெளிவந்த அந்தத் தொடர் ஆவணங்களைச் சரிபார்த்து எழுதும் புலனாய்வு இதழியலுக்கு முன்னோடி. 1911இல் உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்ட் ஆயிலை 34 நிறுவனங்களாகப் பிரிக்க உத்தரவிட்டது. டார்பெல்லின் சித்திரம், அதாவது நேர்மையான சிறு உற்பத்தியாளர்களை நசுக்கிய ஒரு பெரும் சக்தி என்ற சித்திரம், அடுத்த முப்பது ஆண்டு வரலாற்று எழுத்துக்கு அடித்தளம் ஆனது.

அந்த அடித்தளத்தின் மேல் கட்டியவர்கள் முற்போக்கு வரலாற்றாசிரியர்கள் எனப்படுகின்றனர். சார்லஸ் பியர்டு 1913இல் அமெரிக்க அரசியலமைப்பையே சொத்துடையோரின் பொருளாதார நலனைக் கொண்டு விளக்கியவர். 1927இல் அவரும் மேரி பியர்டும் சேர்ந்து எழுதிய அமெரிக்க நாகரிக வரலாற்றில், உள்நாட்டுப் போர் தோட்ட முதலாளிகளிடமிருந்து ஆலை முதலாளிகளுக்கு அதிகாரம் கைமாறிய இரண்டாவது புரட்சியாகிறது. 1931இல் ஜான் ஹிக்ஸ் விவசாயிகளின் மக்கள் கட்சியை ஆராய்ந்து, பிற்காலச் சீர்திருத்தங்கள் பலவற்றுக்கு விதை அங்கேயே இருந்தது என்று காட்டினார். 1934இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, மாத்யூ ஜோசப்சன் வெளியிட்ட ‘கொள்ளைக்காரப் பிரபுக்கள்’ என்ற நூலின் தலைப்பே ஒரு தலைமுறைக்கு வழக்குச் சொல்லானது. இவர்கள் எல்லோருக்கும் வரலாறு ஒரு பக்கம் மக்களும் மறுபக்கம் பணபலமும் நின்று நடத்தும் போராட்டம். சீர்திருத்தம் மக்களின் வெற்றி. அதிகாரம் எங்கே இருக்கிறது என்று கேட்கும் துணிவு இந்த எழுத்தின் பெரும் பலம். ‘மக்கள்’ என்பவருக்குள் யார் யார் அடக்கம் என்று அது கேட்கவில்லை. கறுப்பின மக்களும் புலம்பெயர்ந்து வந்த தொழிலாளரும் அதன் பக்கங்களில் அரிதாகவே முகம் காட்டுகிறார்கள்.

மறுப்பு முதலில் தொழிலதிபர் பக்கத்திலிருந்து வந்தது. ஆலன் நெவின்ஸ் 1940இல் இரண்டு தொகுதிகளாக ராக்ஃபெல்லரின் வாழ்க்கையை எழுதினார். நிறுவனத்தின் உள் ஆவணங்களைப் படித்த அவர், ராக்ஃபெல்லரை ஒழுங்கற்ற தொழிலுக்கு ஒழுங்கு கொடுத்தவராகக் கண்டார். போட்டியாளர்களும் அதே தந்திரங்களைக் கையாண்டனர், வெற்றி பெற்றவர் ஒருவர்தான் என்பது அவர் வாதத்தின் சாரம். அமெரிக்கா உலகப் போர்களில் வெல்ல அந்தப் பெருந்தொழில்களே வலிமை தந்தன என்றும் பின்னர் வாதிட்டார். டார்பெல் தொடாத ஆவணங்களைத் திறந்ததற்காக நெவின்ஸுக்கு நன்றி உரியது. ஆனால் ஒருவரின் திறமையை நிறுவுவது அவர் வழிகளை நியாயப்படுத்திவிடாது.

இந்தப் பழிப்பு, புகழ்ச்சி இரண்டையும் விட்டு விலகி, பெருநிறுவனம் ஏன் உருவானது என்று கேட்டவர் ஆல்ஃபிரட் சாண்ட்லர். 1977இல் வெளிவந்து புலிட்சர் பரிசு பெற்ற ‘கண்ணுக்குத் தெரியும் கை’ என்ற நூலில் அவர் ரயில் நிறுவனங்களிலிருந்து தொடங்குகிறார். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே ரயில்கள் ஓடும்போது உயிரைக் காக்கவும் சரக்கைத் தவறவிடாமல் சேர்க்கவும் அன்றாடம் அறிக்கை அனுப்பும் ஊதிய மேலாளர்கள் தேவைப்பட்டனர். தந்திக் கம்பி அவர்களை இணைத்தது. 1883 நவம்பரில் ரயில் நிறுவனங்களே நாட்டை நேர மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டன. அரசு அதைச் சட்டமாக்க 1918 ஆயிற்று. ஒரு ஆலைக்குள் ஒரு நாளில் எவ்வளவு மூலப்பொருள் நுழைந்து எவ்வளவு சரக்காக வெளியேறுகிறது என்பதே இலாபத்தைத் தீர்மானித்த தொழில்களில் நிறுவனம் பெருத்தது. அறைகலன், ஆடை போன்றவற்றில் பெருக்கவில்லை என்று சாண்ட்லர் காட்டினார். விளக்கம் நேர்த்தியானது. ஆனால் அந்த நூலில் தொழிலாளி இல்லை, வேலைநிறுத்தம் இல்லை, சட்டமன்றம் ஏறக்குறைய இல்லை. ரயில்பாதையே வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்ற நம்பிக்கையையும் ராபர்ட் ஃபோகல் 1964இலேயே கணக்குப் போட்டுச் சோதித்துவிட்டார். கால்வாய்களும் வண்டிப் பாதைகளும் அந்தப் பணியின் பெரும்பகுதியைச் செய்திருக்கும், இழப்பு நாட்டு வருமானத்தில் சில சதவீதமே என்ற அவர் முடிவு பொருளாதார வரலாற்றில் பெரும் விவாதத்தை எழுப்பியது. 1993இல் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சீர்திருத்தவாதிகளின் பக்கம் கேள்வி திரும்பியது 1950களில். ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாடர் 1955இல் வெளியிட்ட ‘சீர்திருத்தக் காலம்’ நூல், அவர்களின் மனத்துக்குள் நுழைந்து பார்த்தது. அவர் பார்வையில் மக்கள் கட்சியினர் கழிந்துபோன ஒரு கிராமப் பொற்காலத்தைக் கற்பனை செய்து, தம் துன்பத்துக்கு வட்டிக்கடைச் சதிகாரர்களைக் குற்றம் சொன்னவர்கள். அவர்களில் சிலரிடம் யூத வெறுப்பும் இருந்தது. நகர்ப்புறச் சீர்திருத்தவாதிகளோ தலைமுறையாய் ஊரில் மதிப்புப் பெற்றிருந்த வழக்கறிஞர்கள், போதகர்கள், சிறு வணிகர்கள். புதுப் பணக்காரர் வருகையால் தங்கள் சமூக மதிப்பு சரிந்ததை அவர்களால் தாங்க முடியவில்லை. மெக்கார்த்தியின் கம்யூனிச வேட்டையைக் கண்ணால் கண்ட ஒரு தலைமுறைக்கு மக்கள் திரளின் கோபம் அச்சம் தந்தது. அந்த அச்சம் நூல் முழுவதும் உண்டு. எழுத்தழகில் அதற்கு ஈடான நூல் இத்துறையில் குறைவு. சான்று நிலையில் அது தளர்ந்தது. டேவிட் தேலன் 1969இல் விஸ்கான்சின் சட்டமன்ற உறுப்பினர்களின் பின்னணியைத் திரட்டிப் பார்த்தபோது, சீர்திருத்தத்தை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் ஒரே வகைக் குடும்பம், கல்வி, தொழில் உடையவர்களாகவே இருந்தார்கள். மதிப்பிழந்த ஏக்கம் இரு தரப்புக்கும் பொதுவென்றால், ஒரு தரப்பு மட்டும் சீர்திருத்தம் கேட்டதை அதைக் கொண்டு விளக்க முடியாது.

ராபர்ட் வீபி 1967இல் வேறொரு வழி காட்டினார். 1870களின் அமெரிக்கா தனித்தனித் தீவுகளைப் போல ஊர் ஊராக வாழ்ந்தது. ரயிலும் சந்தையும் அந்தத் தனிமையை உடைத்தன. ஒழுங்கைத் தேடிய புதிய நடுத்தர வர்க்கம், மருத்துவர், பொறியாளர், சமூகப் பணியாளர் என, நிபுணத்துவம் கொண்டு நாட்டை நிர்வகிக்க முற்பட்டது என்பது அவர் வாதம். சாமுவேல் ஹேஸ் 1964இல் எழுதிய கட்டுரை இதே போக்கில் நகராட்சிச் சீர்திருத்தத்தை ஆராய்ந்து கசப்பான உண்மை ஒன்றைக் கண்டது. பிட்ஸ்பர்க் போன்ற நகரங்களில் வட்டந்தோறும் உறுப்பினர் தேர்ந்தெடுக்கும் முறையை நீக்கி நகரம் முழுவதற்குமான தேர்தலைக் கேட்டவர்கள் பெருவணிகரும் மேல்தட்டு நிபுணரும். இடம் இழந்தவர்கள் தொழிலாளரும் சிறு கடைக்காரரும். ஊழலை ஒழிக்கும் பெயரில் ஏழைகளின் பிரதிநிதி வெளியேற்றப்பட்டார். சீர்திருத்தத்தைப் போற்றும் எந்த வரலாறும் இந்தக் கண்டுபிடிப்பைக் கடந்துபோக முடியாது.

இன்னும் கடுமையான வாதம் 1963இல் கேப்ரியல் கோல்கோவிடமிருந்து வந்தது. ‘பழமைவாதத்தின் வெற்றி’ என்ற நூலில் அவர் சொன்னது: 1900ஐ ஒட்டிய இணைப்பு அலை எதிர்பார்த்த ஏகபோகத்தைத் தரவில்லை, போட்டி கூடியது, ஆகவே பெருநிறுவனங்களே போட்டியை அடக்கக் கூட்டாட்சி அரசின் கட்டுப்பாட்டை நாடின. அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் இறைச்சிச் சட்டம் முதன்மையானது. அதை நிதானமாகப் பார்ப்பது நல்லது. இந்த விவாதம் முழுவதையும் அந்த ஒரு சட்டத்தில் சோதித்துவிடலாம்.

பள்ளிப் பாடநூல் சொல்லும் கதை எளியது. அப்டன் சின்கிளேர் சிகாகோ இறைச்சித் தொழிற்கூடங்களில் ஏழு வாரம் தங்கிப் பார்த்து ‘தி ஜங்கிள்’ நாவலை எழுதினார், 1906 பிப்ரவரியில் அது நூலாக வந்தது, நாடு அருவருத்தது, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் நீல், ரெனால்ட்ஸ் என்ற இருவரை அனுப்பி உண்மையை உறுதி செய்தார், ஜூன் 30ஆம் நாள் சட்டம் நிறைவேறியது. கோல்கோ இந்தக் கதையை 1880களுக்கு நகர்த்தினார். அப்போதே ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி போன்ற நாடுகள் நோயுள்ளதென்று கூறி அமெரிக்கப் பன்றி இறைச்சிக்குத் தடை விதித்திருந்தன. ஏற்றுமதிச் சந்தையை மீட்க அரசு முத்திரை வேண்டும் என்று பெரிய இறைச்சி நிறுவனங்களே கேட்டன. 1891இல் கூட்டாட்சிப் பரிசோதனைச் சட்டம் ஒன்று நிறைவேறியது. ஏற்றுமதி செய்யாத சிறு கூடங்களுக்குப் பரிசோதனை இல்லை. எல்லோர் மீதும் அதைச் சுமத்தினால் சிறியவர்களுக்கே பளு. ஆகவே 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கத்தைப் பெரியவர்கள் எதிர்க்கவில்லை. சண்டை நடந்தது செலவை யார் ஏற்பது என்பதில்தான்.

அந்தச் சண்டையின் விவரங்கள் கோல்கோவை ஓரளவு உறுதிப்படுத்துகின்றன, ஓரளவு மறுக்கின்றன. செனட்டர் பெவரிட்ஜ் கொண்டுவந்த முன்வரைவில் பரிசோதனைக் கட்டணம் நிறுவனங்களின் தலையில். டின்களில் அடைத்த தேதி போட வேண்டும். பிரதிநிதிகள் அவையின் வேளாண் குழுத் தலைவர் வாட்ஸ்வொர்த் இரண்டையும் நீக்கினார். செலவு ஆண்டுக்கு 30 இலட்சம் டாலர் என அரசுக் கருவூலத்துக்கு மாறியது. ஆனால் பரிசோதகரின் முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்க நிறுவனங்களுக்கு வழிவிட்ட பிரிவை ரூஸ்வெல்ட் பிடிவாதமாக நின்று நீக்கவைத்தார். கட்டணத்தில் நிறுவனங்கள் வென்றன. அதிகாரத்தில் அரசு வென்றது. எல்லாம் நிறுவனங்களின் திட்டப்படி நடந்திருந்தால் அந்த நீதிமன்றப் பிரிவு இருந்திருக்கும். பொதுமக்கள் கோபம் வெறும் நாடகம் என்ற கருத்தும் இங்கே உதிர்கிறது. 1905, 1906இல் நியூயார்க்கின் ஆயுள் காப்பீட்டு விசாரணை முதலியவற்றால் வணிகம் அரசியலைக் கெடுக்கிறது என்ற உணர்வு நாடெங்கும் ஒரே நேரத்தில் எழுந்ததை ரிச்சர்ட் மெக்கார்மிக் 1981இல் நன்றாக நிறுவியிருக்கிறார்.

கோல்கோவும் அவருக்கு முந்தியவர்களும் ஒன்றைத் தவறவிட்டார்கள்: சட்டம் இறைச்சியைப் பரிசோதித்தது, தொழிலாளியைப் பார்க்கவில்லை. சின்கிளேர் எழுதியது லித்துவேனியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் கூலிக்காகச் சிதைந்துபோவதைப் பற்றி. சிகாகோவில் 1904 கோடையில் நடந்த வேலைநிறுத்தம் தோற்றுச் சங்கமும் குலைந்துபோயிருந்தது. அந்தத் தோல்வியிலிருந்தே அவர் நாவல் பிறந்தது. இந்தத் தொழிலாளர்களை வரலாற்றின் நடுவே கொண்டுவர 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹெர்பர்ட் குட்மன், ஆலைக்குப் புதிதாக வந்த ஒவ்வொரு தலைமுறையும் தன் ஊர்ப் பழக்கத்தையும் பண்டிகையையும் நேர உணர்வையும் கூடவே கொண்டுவந்து, ஆலை ஒழுங்கோடு மோதியதைக் காட்டினார். தாமே எந்திரத் தொழிலாளியாக வேலை செய்து பின் பேராசிரியரான டேவிட் மாண்ட்கோமரி, திறன்மிக்க தொழிலாளர் வேலையின் வேகத்தைத் தாமே தீர்மானித்ததையும், மேலாளர்கள் அந்த அறிவைப் பிடுங்கிக்கொள்ள நடத்திய போரையும் விவரித்தார். சிகாகோ இறைச்சித் தொழிலாளர் பற்றி ஜேம்ஸ் பாரெட் 1987இல் எழுதிய நூல், சின்கிளேர் கையறு நிலையில் கண்ட அதே மக்கள் மொழிகள் கடந்து சங்கம் கட்டிய கதையைச் சொல்கிறது. இத்துறைக்குக் கிடைத்த மிகப் பெரிய வளம் இந்த மூவரின் தலைமுறை தந்ததே.

பெண்களின் பங்கும் அப்போதுதான் தெளிந்தது. தூய உணவுச் சட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் மனுக்கள் எழுதியவை பெண்கள் மன்றங்கள். ஜேன் ஆடம்ஸ் 1889இல் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூக நல இல்லத்திலிருந்து வெளிவந்த ஃப்ளோரன்ஸ் கெல்லி, இல்லினாய் மாநிலத்தின் முதல் ஆலை ஆய்வாளர் ஆனார். வாக்குரிமை இல்லாத பெண்கள் சட்டங்களை எப்படிச் சாதித்தார்கள் என்பதை தீடா ஸ்கொச்பொல் 1992இல் ஆராய்ந்து, ஐரோப்பாவில் தொழிலாளர் நலம் அரசுப் பொறுப்பானபோது அமெரிக்காவில் தாய்மார் நலமே அரசுப் பொறுப்பானது என்று காட்டினார். 1908இல் ஒரிகன் மாநிலம் பெண்களின் வேலைநேரத்துக்கு விதித்த வரம்பை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் பெண்கள் உடல்வலிமை குறைந்தவர்கள் என்ற காரணம் சொல்லி ஏற்றது. அந்தக் காரணம் பின்னர் பல வேலைகளின் கதவைப் பெண்களுக்கு மூடவும் பயன்பட்டது.

நிறத்தின் கேள்வி மிகக் கொடியது. தெற்கு மாநிலங்களில் சீர்திருத்தம் வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்ததை சி. வான் வுட்வர்டு 1951இல் தயக்கமின்றி எழுதினார். லூயிசியானாவில் 1896இல் 1,30,334 கறுப்பின வாக்காளர் பதிவாகியிருந்தனர். 1904இல் 1,342 பேர். வாக்காளர் பட்டியலைச் ‘சுத்தப்படுத்தும்’ இந்த வேலையைத் தேர்தல் ஊழல் ஒழிப்பு என்று சொல்லிச் செய்தவர்கள் பலரும் பள்ளி, சாலை, சுகாதாரம் கேட்ட அதே சீர்திருத்தவாதிகள். 1913இல் குடியரசுத் தலைவர் வில்சனின் அரசு கூட்டாட்சி அலுவலகங்களிலும் நிறப் பிரிவினையைக் கொண்டுவந்தது. இதே ஆண்டில்தான் மத்திய வங்கிச் சட்டமும் நிறைவேறியது. கிளெண்டா கில்மோர் 1996இல் வடக்கு கரோலினாவை ஆராய்ந்து, கறுப்பின ஆண்களின் வாக்குரிமை பறிக்கப்பட்ட பின் கறுப்பினப் பெண்கள் சங்கங்கள் வழியாக நலத்திட்டங்களைப் பெறப் போராடியதைப் பதிவு செய்தார்.

இவ்வளவு வேறுபட்ட மனிதர்களை ‘முற்போக்கு இயக்கம்’ என்ற ஒரே பெயரில் அடைக்கலாமா என்று பீட்டர் ஃபிலீன் 1970இல் கேட்டு, அந்தப் பெயருக்கே இரங்கல் எழுதினார். 1982இல் டேனியல் ராட்ஜர்ஸ் தந்த விடை இன்றும் நிற்கிறது: அவர்களிடம் ஒரே கொள்கை இல்லை, ஏகபோக எதிர்ப்பு, சமூகப் பிணைப்பு, திறன்மிக்க நிர்வாகம் என்று மூன்று பேச்சு முறைகள் இருந்தன, வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொண்டனர். 1998இல் அவரே பெர்லின், லண்டன், நியூயார்க் நகரங்களுக்கிடையே காப்பீட்டுத் திட்டங்களும் நகரமைப்பு எண்ணங்களும் பயணம் செய்த வழியைத் தொடர்ந்து, அமெரிக்கச் சீர்திருத்தம் தனித்த பயிர் அன்று என நிறுவினார். எலிசபெத் சாண்டர்ஸ் 1999இல் வாக்கெடுப்புப் பதிவுகளைக் கொண்டு, இந்தச் சட்டங்களுக்குப் பின்னிருந்த வாக்குகள் பெரும்பாலும் தெற்கு, மேற்கு விவசாயப் பகுதிகளிலிருந்து வந்ததைக் காட்டினார். ஹிக்ஸ் 1931இல் சொன்னதற்கு எண்களே சாட்சியாயின. ஹாஃப்ஸ்டாடர் பழமை ஏங்கிகளாகக் கண்ட மக்கள் கட்சியினரை, கூட்டுறவும் அறிவியலும் நாடிய நவீனர்களாக சார்லஸ் போஸ்டல் 2007இல் மீட்டெடுத்தார்.

2008 நிதி நெருக்கடிக்குப் பின் எழுதப்பட்ட வரலாறு மறுபடியும் மூலதனத்தை நோக்கித் திரும்பியது. ரிச்சர்ட் வைட் 2011இல் கண்டம் கடக்கும் ரயில் நிறுவனங்களை ஆராய்ந்து, அவை தேவைக்கு முன்பே, அரசு நிலத்தையும் கடனையும் நம்பி, மோசமாகக் கட்டப்பட்டு மோசமாக நடத்தப்பட்டவை என்றார். சாண்ட்லரின் திறமையான மேலாளர் அங்கே காணப்படவில்லை. ஸ்வென் பெக்கெர்ட் 2014இல் பருத்தியைப் பின்தொடர்ந்து, அடிமை உழைப்பு இல்லாமல் லங்காஷயர் ஆலைகளும் நியூ இங்கிலாந்து ஆலைகளும் இல்லை என்று வாதிட்டார். உள்நாட்டுப் போரில் அமெரிக்கப் பருத்தி நின்றபோது ஆங்கிலேய ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. பேராரின் வயல்களும் திருநெல்வேலிச் சீமையின் கரிசலும் அந்த உலகச் சந்தையோடு இறுகப் பிணைக்கப்பட்டன. 2014இலேயே எட்வர்டு பாப்டிஸ்ட், அடிமைகள் பறித்த பருத்தியின் அளவு கூடியதற்குச் சித்திரவதையே காரணம் என்று எழுதியபோது, ஓம்ஸ்டெட், ரோட் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர்கள் புதிய விதை வகைகளே முதன்மைக் காரணம் என்று சான்றோடு மறுத்தனர். அடிமை முறையின் கொடுமையை நிறுவ அந்த எண் தேவையில்லை. இந்த இடத்தில் மறுப்பவர்களின் கணக்கே ஏற்கத்தக்கது.

இந்த விளக்கங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, ஒன்று போய் மற்றொன்று வந்தது என்று எண்ணுவது தவறு. டார்பெல் காட்டிய இரகசியத் தள்ளுபடி நடந்தது. சாண்ட்லர் காட்டிய மேலாண்மையும் நடந்தது. கோல்கோ சொன்ன நிறுவன நலன் சட்டத்தின் கட்டணப் பிரிவில் இருக்கிறது. மக்கள் கோபம் அதன் அதிகாரப் பிரிவில் இருக்கிறது. ஒரு சீர்திருத்தத்தை மதிப்பிட அதை முன்மொழிந்தவரின் நோக்கம் போதாது. அதன் முன்வரைவுக்கும் இறுதி வடிவத்துக்கும் இடையே எது நீக்கப்பட்டது, யார் வெளியே விடப்பட்டார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த அளவுகோலில் 1906ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோருக்குப் பாதி வெற்றி, தொழிலாளருக்கு ஒன்றுமில்லை. சிகாகோ இறைச்சித் தொழிலாளர் 1904இலும் 1921–22இலும் தோற்று, 1935இல் சங்கம் அமைக்கும் உரிமைக்குச் சட்டம் வந்த பின்னரே, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே சங்கத்தில் சேர்ந்து, நிலைத்த ஒப்பந்தம் பெற்றார்கள். அந்த 1935ஆம் ஆண்டுச் சட்டமும், குறைந்தபட்சக் கூலி தந்த 1938ஆம் ஆண்டுச் சட்டமும் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலையாட்களையும் வெளியே நிறுத்தின. தெற்கின் கறுப்பினத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் செய்தவை அந்த இரண்டு வேலைகளே.